கரடி: பார்த்துக்கறேன்

எங்க அண்ணி என்ன வேலை பார்க்கறாங்கன்னு யாராவது கேட்டா, "கம்ப்யூட்டர்ல"ன்னு சொல்லி முடிச்சுக்கறது என் வழக்கம். கேட்டவங்களுக்கு அது போதும். அண்ணிக்குத்தான் போதாது. "ஆஸ்பத்திரில வேலைன்னா டாக்டரும் இருக்கலாம், தரை துடைக்கிறவரும் இருக்கலாம். ரெண்டு வார்த்தை கூடச் சொன்னா வாய் தேஞ்சிடுமா?"ன்னு கேப்பாங்க. தேயாது. அதனால இப்போ சரியாவே சொல்றேன்.

நாங்க ரெண்டு பேரும் வேலை பார்க்கற கட்டடத்துல, தரைத்தளத்துல ஒரு பெரிய கூடம். ஜன்னல் கிடையாது. வரிசை வரிசையா இரும்பு அலமாரி, அலமாரி நிறைய சர்வர். அது எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கைப் பங்கு போட்டுக்கிட்டுச் செய்யும். அந்தக் கூட்டத்துக்குத்தான் கிளஸ்டர்னு பேர். மருந்து கண்டுபிடிக்கிறவங்க, பாலம் கட்டறவங்க, மழை எப்போ வரும்னு பார்க்கறவங்க, எல்லாரும் அவங்கவங்க கணக்கைக் கொண்டாந்து இதுகிட்ட கொடுப்பாங்க. சில கணக்கு வாரக்கணக்கா ஓடும். ஓடற நேரம் முழுக்க ஒவ்வொரு மிஷினும் தன் நிலைமையைச் சொல்லிக்கிட்டே இருக்கும். இவ்வளவு சூடா இருக்கேன், என் ஃபேன் இவ்வளவு வேகத்துல சுத்துது, இவ்வளவு கரண்ட் குடிக்கறேன்னு மூச்சு விடாம புலம்பும். அந்தப் புலம்பலை எல்லாம் பிடிச்சு, சேர்த்து, பார்த்த உடனே புரியற மாதிரி ஒரு திரையில வரையறதுதான் அண்ணியோட வேலை. டாஷ்போர்டுன்னு சொல்வாங்க. ஒவ்வொரு மிஷினுக்கும் ஒரு சின்னக் கட்டம். கூடத்துல எது எங்க நிக்குதோ, திரையிலயும் அங்கயே நிக்கும். நல்லா இருந்தா பச்சை, சூடேறினா மஞ்சள், மோசம்னா சிவப்பு.

நாலாவதா ஒரு கலரும் உண்டு. ஒரு மிஷின் வாயே திறக்கலைன்னா அதோட கட்டம் சாம்பலாயிடும். இந்தச் சாம்பலுக்காக அண்ணி போட்ட சண்டையை நான் ரிசப்ஷன்ல உட்கார்ந்தே கேட்டேன். மேலாளருக்கு அது பிடிக்கல. பார்க்க வர்ற பெரிய மனுஷங்களுக்கு நடுநடுவுல சாம்பல் கட்டம் அசிங்கமாத் தெரியுதாம். "மிஷின் கடைசியா என்ன சொல்லுச்சோ அதையே போட்டு நிரப்பிடுங்களேன்மா. எல்லா இடத்துலயும் அப்படித்தான் பண்றாங்க"ன்னார்.

"மூச்சு நின்னவனுக்குக் கடைசியாப் பார்த்த நாடியையே எழுதி வைக்கச் சொல்றீங்களா சார்? எனக்குத் தெரியலைன்னா தெரியலைன்னுதான் காட்டுவேன். வேற மாதிரி வேணும்னா வேற ஆளைப் பாருங்க."

சாம்பல் அப்படியே இருந்தது. எனக்கு அன்னிக்குத்தான் அண்ணி மேல ஒரு மரியாதை வந்தது. அதுக்கு முன்னாடி, எங்க அண்ணனை மயக்கின பொம்பளைங்கற கணக்குலதான் வெச்சிருந்தேன்.

என்னைப் பத்தியும் ஒரு வார்த்தை சொல்லிடறேன். புருஷன் சரியில்லைன்னு பெட்டியைத் தூக்கிக்கிட்டு அப்பா வீட்டுக்கு வந்தவ நான். அண்ணன்தான் அவன் வேலை பார்க்கற இடத்துலயே எனக்கு ரிசப்ஷன்ல இடம் வாங்கிக் கொடுத்தான். வர்றவங்களைப் பார்த்து சிரிக்கணும், அவ்வளவுதான் வேலை. அது ஒண்ணுதான் எனக்கு வராது. ஆனாலும் இன்னும் துரத்தாம வெச்சிருக்காங்க.

அண்ணன் அந்தக் கூடத்தோட குளிர்ச்சிக்குப் பொறுப்பு. பம்பு, குளிர்ந்த தண்ணி ஓடற குழாய், பெரிய பெரிய ஃபேன், எல்லாம் அவன் கையிலதான். ஆள் ஆறடி, உடம்பு முழுக்க முடி. கூடத்துல எல்லாரும் கரடின்னுதான் கூப்பிடுவாங்க. அவனும் வெட்கமே இல்லாம சிஸ்டத்துல தன் பேரை கரடின்னே போட்டுக்கிட்டான். ஏதாவது ஒரு வரிசை சூடேறினா முதல்ல அவன் போனுக்குத்தான் அலர்ட் வரும். போன் திரை முழுக்க ஒரு பெரிய பட்டன் வரும், "பார்த்துக்கறேன்"னு. பூட்டைக்கூடத் திறக்க வேணாம், தொட்டாப் போதும். தொட்டதும் அண்ணியோட டாஷ்போர்டுல கீழ்ப் பட்டையில "கரடி: பார்த்துக்கறேன்"னு எழுத்து வரும். அதுக்கப்புறம் சிஸ்டம் வேற யாரையும் தொந்தரவு பண்ணாது. அவன் தொடலைன்னா கொஞ்ச நேரம் பொறுத்து அடுத்த ஆளுக்குப் போகும். அடுத்த ஆள் பேர் குச்சி. ஒட்டடைக்குச்சி மாதிரி இருப்பான், அதனால.

இதுல ஒரே ஒரு சட்டம்தான். பட்டனைத் தொட்டவன் உடனே எழுந்து கூடத்துக்கு ஓடணும். தொட்டுட்டுப் போகலைன்னா கூடம் வெந்துடும். ஏன்னா மத்தவங்க எல்லாரும் ஆள் போயாச்சுன்னு நினைச்சு அவங்கவங்க வேலையைப் பார்த்துக்கிட்டு இருப்பாங்க.

அண்ணன் ஓடுவான். அவன் ஓடறது ரிசப்ஷன் வரைக்கும் தொம் தொம்னு கேக்கும். போய்ட்டு வந்து அண்ணி மேஜைக்கு முன்னாடி நின்னு, "உன் போர்டு கரடி விடுது, அங்க ஒரு சூடும் இல்ல"ம்பான். "உன் தோலுக்கு எதுதான் உறைக்கும்"பாங்க அண்ணி. இப்படியே சண்டை போட்டுத்தான் ரெண்டு பேரும் கல்யாணம் வரைக்கும் வந்தாங்க. கல்யாணத்துக்கு அப்புறமும் சண்டை நிக்கல, சாப்பாட்டு மேஜைக்கு இடம் மாறிச்சு, அவ்வளவுதான்.

ஒரு லீவு நாள் காலைல, நடக்கப் போறேன்னு ஷூ மாட்டக் குனிஞ்ச அண்ணன் நிமிரல. மாரடைப்புன்னாங்க. ஒரு ஷூ மாட்டியிருந்தது, ஒண்ணு கையில இருந்தது. அதுக்கு மேல அதைப் பத்தி என்னால எழுத முடியாது.

வீட்டுல அப்புறம் மூணு பேர். அப்பா, அண்ணி, நான். அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். எங்க அம்மா போனப்ப மனுஷன் கதறி அழுதார். அண்ணனுக்கு அழவே இல்ல. வந்தவங்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டார், தண்ணி கொடுத்தார், வழியனுப்பினார். அது எனக்குப் பயமா இருந்தது. அண்ணி சீக்கிரமே வேலைக்குத் திரும்பிட்டாங்க. வீட்டுல இருந்தா சுவரைப் பார்க்கணும், ஆஃபீஸ்னா திரையைப் பார்க்கலாம்னாங்க.

மேலாளர் நல்ல மாதிரியா, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். அலர்ட் வரிசையில முதல் பேரை எடுத்துடணும்மா, அதை நீங்களே பண்ணினாத்தான் நல்லா இருக்கும்னு. அண்ணி "பண்றேன் சார்"னாங்க. பண்ணல. யாரும் மறுபடி கேக்கல. கரடி போனுக்குப் போய், பதில் வராம, கொஞ்ச நேரத்துல குச்சிக்கு வரும், குச்சி ஓடுவான். பெரிசா எந்த நஷ்டமும் இல்லைன்னு எல்லாரும் கண்ணை மூடிக்கிட்டாங்க. அண்ணன் போன் அணைஞ்சு அவன் துணி அலமாரியில கிடக்குன்னு அண்ணியும் நானும் நினைச்சுக்கிட்டு இருந்தோம்.

அப்படி இருக்கும்போது ஒரு மத்தியானம் கூரியர் கவர் ஒண்ணைக் கொடுக்க அண்ணி அறைக்குப் போனேன். சுவர் முழுக்கத் திரை. எல்லாம் பச்சை, மூணாவது வரிசையில மட்டும் ரெண்டு கட்டம் மஞ்சள். கீழ்ப் பட்டையைப் பார்த்தேன்.

கரடி: பார்த்துக்கறேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அண்ணி நாற்காலியில இருந்தாங்க, கை வாயை மூடியிருந்தது. சத்தியமாச் சொல்றேன், நான் அந்தத் தொம் தொம்முக்குக் காது கொடுத்தேன். வெளியில யாரும் ஓடல. ஆனா கொஞ்ச நேரத்துல அந்த ரெண்டு மஞ்சளும் பச்சையா மாறிச்சு.

"பழைய பதிவு ஏதோ திரும்ப வந்திருக்கு. சிஸ்டம் கோளாறு. யார்கிட்டயும் சொல்லாத"ன்னாங்க அண்ணி. குரல் சாதாரணமாத்தான் இருந்தது. கூரியர் கவரைத் தலைகீழாப் பிடிச்சுப் படிச்சுக்கிட்டு இருந்தாங்க.

அதுக்கப்புறம் அந்த நடைவழியில தனியா நடக்க எனக்குக் கால் வரல. கூடத்துக் கதவு தானா மூடிக்கற கதவு, மெதுவா வந்து கடைசியில டப்னு சாத்தும். அந்தச் சத்தம் கேட்டா முதுகு சிலிர்க்கும். சின்ன வயசுல அண்ணன் இருட்டுல ஒளிஞ்சு நின்னு பயமுறுத்துவான், அப்போ அவனை அடிக்க ஓடுவேன். இப்போ அடிக்க யார் இருக்காங்க. பயமும் இருந்தது, இன்னொரு தடவை வராதாங்கற நப்பாசையும் இருந்தது. எது அதிகம்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியாது.

அண்ணிகிட்ட மாற்றம் தெரிஞ்சுது. நாற்காலியைத் திருப்பி அந்தக் கீழ்ப் பட்டைக்கு நேரா போட்டுக்கிட்டாங்க. சாப்பாட்டு டப்பாவை அங்கேயே திறந்து வெச்சுக்கிட்டாங்க. சாப்பிடறது கொஞ்சம், பார்க்கறது அதிகம். முகத்துல ஒரு வெளிச்சம். புருஷன் போன பொம்பளை முகத்துல அப்படி ஒரு வெளிச்சம் வந்தா அக்கம்பக்கம் சும்மா விடுமா? வாய்க்கு வந்தது பேசினாங்க. நான் ஒருத்தியைப் பிடிச்சு நல்லாத் திட்டிவிட்டேன். ஆனா எனக்கே உள்ளுக்குள்ள உறுத்தல்.

ஒரு நாள் குச்சி ரிசப்ஷனுக்கு வந்து மேஜையைத் தடவிக்கிட்டே நின்னான்.

"கோவிச்சுக்கக் கூடாது. போர்டுல உங்க அண்ணன் பேர் வருது. இப்பல்லாம் அடிக்கடி வருது."

"எனக்குத் தெரியும்"னேன்.

"உங்க அண்ணிதான் அவர் பேர்ல அழுத்தறாங்கன்னு நினைக்கறேன். கேக்க மனசு வரல. அந்தப் பேர் வந்துட்டா நான் போறதில்ல. சூடும் இறங்கிடுது, அவங்களே பார்த்துக்கறாங்க போல. விட்டுடலாம்ல?"

பாவம், நல்ல பையன். ஆனா நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பேர் வந்தா குச்சி போறதில்ல. அண்ணனாலயும் போக முடியாது. அப்போ அந்தக் கூடத்துக்கு யார்தான் போறாங்க?

அன்னிக்கு வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ல அண்ணி பக்கத்துல உட்கார்ந்து நேராவே கேட்டேன். "அண்ணன் பேர்ல நீங்கதான் அழுத்தறீங்களா?"

"இல்ல."

"அப்போ யாரு?"

"தெரியல."

"எந்த போன்லேர்ந்து வருதுன்னு உங்களால கண்டுபிடிக்க முடியாதா?"

"முடியும். ஒரு நிமிஷ வேலை."

"அப்புறம் என்ன தடை?"

அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டாங்க. "பார்த்தா தெரிஞ்சிடும்டி."

சாம்பல் கட்டத்துக்காக வேலையையே தூக்கி எறியறேன்னு நின்ன பொம்பளை, தெரிஞ்சுக்கப் பயந்து உட்கார்ந்திருக்காங்க. மெதுவா மீதியையும் சொன்னாங்க. முதல் ரெண்டு தடவை தானா வந்தது. அதுக்கப்புறம் தாங்கல. மூணாவது வரிசைக்கு எவ்வளவு சூடு வரைக்கும் பரவாயில்லைன்னு ஒரு லிமிட் இருக்கும், அதைக் கொஞ்சம் குறைச்சு வெச்சாங்களாம். மிஷின் நல்லாத்தான் இருக்கும், ஆனா அலர்ட் கிளம்பும், அண்ணன் போனுக்குப் போகும். பட்டையில பேர் வரும். பேரைப் பார்த்துட்டு லிமிட்டைப் பழையபடி ஏத்திடுவாங்க.

"கூப்பிட்டா வர்றான்டி"ன்னாங்க.

நான் திட்டணும்தான். உங்களுக்குப் பைத்தியமான்னு கேக்கணும்தான். என் வாய்லேர்ந்து வந்தது வேற. "உடனே வர்றானா?"

"சில நாள் உடனே. சில நாள் தாமதமா. மத்தியானத்துல கூப்பிட்டா இன்னும் கொஞ்சம் தாமதமாகும், தூங்கிட்டு இருக்கான் போல. சில தடவை வரவே மாட்டான், குச்சிக்குப் போறதுக்குள்ள நான் லிமிட்டை ஏத்திட்டு விட்டுடுவேன்."

பஸ்ல கூட்டம் நெருக்கித் தள்ளுது, யாரோ என் கால் மேல நிக்கறாங்க, நாங்க ரெண்டு பேரும் செத்தவன் தூங்கற நேரத்தைப் பத்திப் பேசிக்கிட்டு வர்றோம். இறங்கற இடம் வந்ததுக்கப்புறம்தான் எனக்குப் புத்தி திரும்பிச்சு. "நிஜமாவே சூடேறினா என்ன பண்ணுவீங்க?"ன்னு கேட்டேன்.

"எது நான் பண்ணது, எது நிஜம்னு எனக்குத் தெரியாதா?"ன்னாங்க. "சீக்கிரம் பேரை எடுத்துடறேன். இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்."

கொஞ்ச நாள் போச்சு. எனக்கு வார விடுமுறை. அப்பா அறையில உட்கார்ந்து துவைச்ச துணியை மடிச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா ஜன்னலோரம் நாற்காலியில, கண்ணை மூடிக்கிட்டு இருந்தார். அவர் சட்டைப் பையில ஏதோ உர்ருனு அதிர்ந்தது. கண்ணைத் திறந்தார், பையில கைவிட்டு எடுத்தார். அண்ணன் போன். ஓரத்துல விரிசல் விட்ட அதே போன். கட்டை விரலால பதமாத் தொட்டார். "பார்த்துக்கறேன்பா"ன்னு மெல்லச் சொன்னார். திரும்பப் பையில போட்டுக்கிட்டுக் கண்ணை மூடிக்கிட்டார்.

மடிச்ச துணி என் மடியிலேர்ந்து சரிஞ்சு விழுந்தது. "அப்பா, என்ன பண்ணீங்க இப்போ?"

"ஆஃபீஸ் அலர்ட்மா. உங்க அண்ணனுக்கு வர்றது."

"எப்பவும் நீங்கதான் எடுக்கறீங்களா?"

"வேற யாரு எடுப்பா? யாரும் எடுக்கலைன்னா ஆள் சரியில்லைன்னு பேரை அடிச்சுட மாட்டாங்களா?" கொஞ்சம் பெருமையாவே சொன்னார். "நான் பஸ் ஓட்டின காலம் முழுக்க ஒரு டிரிப் விட்டதில்ல. அவன் டிரிப்பை மட்டும் விடுவேனா? அலமாரியில கிடந்துச்சு, எடுத்து சார்ஜ் போட்டு வெச்சுக்கிட்டேன். தொட்டா சரியாயிடுதும்மா. இதுவரைக்கும் ஒண்ணு கூட சரியாகாம இருந்ததில்ல."

சரியாகாம எப்படி இருக்கும்? அந்தப் பக்கம் மருமக லிமிட்டை ஏத்திக்கிட்டு இருக்காங்க. ஒரே வீட்டுல, ஒரே மேஜையில சாப்பிடற ரெண்டு பேர். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துப் பேச முடியாம, ஒருத்தர் பகல்ல அவனைக் கூப்பிட்டிருக்காங்க, ஒருத்தர் அவனா பதில் சொல்லியிருக்கார். போனை எடுத்து அண்ணியைக் கூப்பிட்டேன்.

"அண்ணி, இப்போ அலர்ட் வந்துச்சா?"

"வந்துச்சு"ன்னாங்க. குரல்ல சிரிப்பு. "உடனே எடுத்துட்டான் இன்னிக்கு."

"அது அப்பா அண்ணி."

அப்பா காதுல விழாம குரலைத் தணிச்சேன்.

"அண்ணன் போன் அப்பாகிட்ட இருக்கு. எப்பவும் அவர்தான் அழுத்தறாராம். அண்ணி, கேக்குதா?"

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. திட்டியிருந்தாலோ அழுதிருந்தாலோ தேவலை. எவ்வளவு நேரம் அப்படி இருந்தோம்னு தெரியல. அப்புறம் அவங்க அறைக் கதவு படார்னு திறக்கறதும், குச்சி கத்தறதும் கேட்டுது. "அக்கா, மூணாவது வரிசையில நிக்க முடியல, அனலா அடிக்குது, பம்பு நின்னுடுச்சு. போர்டைப் பார்க்கலியா?" போன் கட்டாயிடுச்சு.

அண்ணி அன்னிக்கும் மூணாவது வரிசை லிமிட்டைக் குறைச்சு வெச்சிருந்தாங்க. அதே நேரம் அதே வரிசைக்குத் தண்ணி அனுப்பற பம்பு நிஜமாவே நின்னிருக்கு. வந்த அலர்ட் தான் கிளப்பினதுன்னு அவங்க நினைச்சாங்க. அப்பா தொட்டதும் பேர் வந்துச்சு. பேர் வந்ததால குச்சிக்குப் போகல. நான் போன்ல சொன்னதுக்கு அப்புறம் அந்த வரிசை முழுக்கச் சிவப்பானதுகூட அவங்க கண்ணுக்குத் தெரியல. குச்சி வேற வேலையா உள்ள போனதால தப்பிச்சுது, இல்லைன்னா கூடமே போயிருக்கும். அந்த வரிசை மிஷின்ல பாதி செத்துப் போச்சு. அதுல ஓடிக்கிட்டு இருந்தது ஒரு மருந்துக் கணக்கு. முடியப் போற நேரம். அதைக் கொடுத்த அம்மா மறுநாள் ரிசப்ஷனுக்கு வந்து, "முதல்லேர்ந்தா?"ன்னு மட்டும் கேட்டாங்க. எனக்குச் சிரிக்க வராதுன்னு சொன்னேன்ல, அன்னிக்கு நிமிர்ந்து பார்க்கவும் வரல.

பம்பு நின்ன அன்னிக்கே அண்ணி மேலாளர்கிட்ட போயிட்டாங்க, எதையும் மறைக்கல. லிமிட்டைக் குறைச்சது, ஏன் குறைச்சது, பேரை எடுக்காதது, எல்லாம் சொன்னாங்க. அந்த மனுஷன் வேலையை விட்டு எடுக்கல. "நாளைக்குக் காலைல ஆஃபீஸ் திறக்கறதுக்குள்ள அந்தப் பேர் போயிருக்கணும். நீங்க எடுங்க, இல்லைன்னா நான் எடுக்க வேண்டி வரும்"னு மட்டும் சொல்லியிருக்கார்.

அன்னிக்குச் சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே அண்ணி வீட்டுக்கு வந்துட்டாங்க. சாப்பாட்டு மேஜையில லேப்டாப்பைத் திறந்தாங்க. "மாமா, கொஞ்சம் இங்க வந்து உட்காருங்க"ன்னு கூப்பிட்டாங்க. அப்பா பையில போனோட வந்து எதிர்ல உட்கார்ந்தார். நான் அண்ணி நாற்காலிக்குப் பின்னாடி நின்னேன்.

அண்ணி எல்லாத்தையும் சொன்னாங்க. பம்பு நின்னதை, மிஷின் போனதை. "உங்க மேல தப்பே இல்ல மாமா. நான்தான் சும்மா சும்மா கூப்பிட்டேன்." அப்பா அசையாம கேட்டார். கடைசியில கேட்டது இதுதான்.

"நீ கூப்பிட்டியா? ஆஃபீஸ் கூப்பிடலியா?"

"நான்தான் மாமா. நீங்கன்னு எனக்குத் தெரியாது. அவர்னு நினைச்சேன்."

அப்பா போனை எடுத்து மேஜை மேல வெச்சார், கையை எடுக்கல. "நான் அழுத்தினது எல்லாம் நான்தான். அது எனக்குத் தெரியாதா? ஆனா சில தடவை நான் கண்ணாடி தேடி எடுத்துப் போட்டுக்கறதுக்குள்ள, அதுவே அடங்கிப் போயிடும்மா. நான் தொட்டே இருக்க மாட்டேன். அது மட்டும் அவன்தான்னு..." அண்ணியைப் பார்த்தார். "அது அவன்தானே?"

ஐயோ அப்பான்னு இருந்தது எனக்கு. அண்ணி லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பினாங்க. எந்த அலர்ட் எப்போ கிளம்புச்சு, யார் எடுத்தாங்க, எதனால அடங்குச்சு, எல்லாம் வரிசையா அதுல இருக்கு. யாரும் எடுக்காம அடங்கினதை மட்டும் பிரிச்சு எடுத்து ஒவ்வொண்ணாப் பார்த்தாங்க.

"இது நான் மாமா. லிமிட்டை ஏத்திட்டேன்."

"அடுத்தது?"

"இதுவும் நான்தான்."

"அதுக்கு அடுத்தது?"

"நான்."

அப்பா ஒவ்வொண்ணுக்கும் தலையாட்டினார். ஒவ்வொரு தடவையும் தலை இன்னும் கொஞ்சம் கீழ போச்சு. அந்தப் பெரிய மனுஷன் அந்த நாற்காலியில சின்னதாகிக்கிட்டே வந்ததை என்னால பார்க்க முடியல, அதனால திரையைப் பார்த்தேன். திரையில கடைசிக்கு வந்துட்டாங்க. ரெண்டு மூணுதான் பாக்கி.

"ஒண்ணு கூடவாம்மா இல்ல?"ன்னார் அப்பா. "நல்லாப் பாரு. அவசரமில்ல."

அண்ணி பார்த்தாங்க. நானும் அவங்க தோளுக்கு மேல பார்த்தேன். அடுத்த வரி. மூணாவது வரிசை, ஒரு சாயங்காலம். யாரும் எடுக்கல. லிமிட் ஏற்றப்பட்டது. பக்கத்துல அண்ணியோட பேர், தெளிவா.

அண்ணியோட விரல் அந்த இடத்துல நின்னது.

"இது நான் இல்ல மாமா."

அப்பா நிமிர்ந்தார். "நானும் தொடலியா?"

"நீங்களும் இல்ல."

"அப்போ?"

"தெரியல மாமா"ன்னாங்க அண்ணி. "பேரே இல்ல. தானா அடங்கியிருக்கு. எப்படின்னு எனக்குத் தெரியல."

அப்பா வாயைத் திறந்து மூச்சு விட்டார். தோள் குலுங்க ஆரம்பிச்சுது. அண்ணன் போன நாள்லேர்ந்து வராத அழுகை அப்போதான் வந்தது. நானும் அண்ணியும் பக்கத்துல போகல, அழட்டும்னு விட்டோம். ரொம்ப நேரம் கழிச்சு மூக்கைத் துடைச்சுக்கிட்டு, போன் மேலேர்ந்து கையை எடுத்தார். "பேரை எடுத்துடும்மா. பாவம், அவனும் எவ்வளவு தூரத்துலேர்ந்து ஓடி வருவான்"னார்.

அண்ணி எடுத்தாங்க. முதல் இடத்துல குச்சி பேர் வந்து நின்னது. அவ்வளவுதான், வேற ஒண்ணும் நடக்கல. அண்ணி திரையைவிட்டுக் கண்ணை எடுக்காம உட்கார்ந்திருந்தாங்க.

அப்பா எழுந்து, என் கையைப் பிடிச்சுக்கிட்டு நின்னார். கை சூடா இருந்தது. "வேற யாராவது சொல்லியிருந்தா என்னைத் தேத்தறதுக்காகச் சொல்றாங்கன்னு நினைச்சிருப்பேன்"னார். "ஆனா உங்க அண்ணி அப்படி இல்லாததைச் சொல்ற ஆள் இல்ல, இல்லியா?"

அண்ணி முதுகு அசையல.

"இல்லப்பா, சொல்ல மாட்டாங்க"ன்னேன்.